யார் அங்கே ஓடுவது? கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் சில பயனுள்ள குறிப்புகள்

பள்ளிக்கரணையில் பல ஃபிளாட்டுகள் பகலில் ஆபீஸ், மாலையில் டியூஷன் சென்டர். சோழிங்கநல்லூருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே லாகின் செய்கிறார்கள். ப்ளஸ் டூ பிள்ளை பைத்தான் எழுதுகிறது. தாத்தாவின் போனில் எங்கிருந்தோ விளம்பரம் குதிக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இப்போ ஓடிட்டிருக்கே, அது பேர் என்ன?" பெயர் தெரிந்தால் நிறுத்தலாம், நீக்கலாம், தெரிந்தவரிடம் விசாரிக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற புரோகிராம் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர் வேறு, அதை ஓடவிட்டிருக்கும் சிஸ்டம் சொல்லும் பெயர் வேறு. வாடகை வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகையும் ஈ.பி. அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பதைப் போலத்தான். சந்தேகம் வந்தால் அட்டையைப் பாருங்கள்.

1. லேப்டாப் ஃபேன் திடீரென்று இரைகிறதா? விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக் செய்தால் அதிகம் உழைக்கிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். முதல் பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் அதைச் செய்தவர் சூட்டிய அழகான பெயர். நமக்கு வேண்டியது கோப்பின் பெயர். அதற்கு 'டீடெயில்ஸ்' பக்கம் போங்கள். வரியின் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறது என்று காட்டிவிடும். ஆடியோ டிரைவர் என்று சொல்லிக்கொள்கிற ஒன்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓடினால் விசாரிக்கத்தான் வேண்டும்.

அதே பக்கத்தில் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' வழியாகக் 'கமாண்ட் லைன்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எப்படிக் கூப்பிட்டு அது ஓடுகிறது என்ற முழு வரியும் தெரியும். ஒரே பைத்தான் நாலு முறை ஓடும்போது எது பிள்ளையின் ஹோம்வொர்க், எது அப்பாவின் ஆபீஸ் வேலை என்று பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை.

2. டாஸ்க் மேனேஜரில் 'எஸ்விசிஹோஸ்ட்' என்று வரிசையாக ஐம்பது அறுபது வரி பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்டோஸ் தன் உள்வேலைகளை ஓட்டும் பொதுவான வண்டி அது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்கு முன்பு பல சேவைகள் ஒரே வரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அதன் பிறகு, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வரி என்று பிரித்துவிட்டார்கள். பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு: கோப்பு விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கிறதா, பெயரில் எழுத்து இடம் மாறியிருக்கிறதா. 'எஸ்சிவிஹோஸ்ட்' என்று வி-யையும் சி-யையும் மாற்றிப் போட்டு உள்ளே நுழைவது வைரஸ்காரர்களின் பழைய பழக்கம்.

3. குரோம் மட்டும் இருபது வரி காட்டினால் டாஸ்க் மேனேஜரோடு மல்லுக்கட்டாதீர்கள். குரோம் திறந்திருக்கும்போது ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று பெயர் பெயராகச் சொல்லும். எட்ஜ் பிரவுசரிலும் இதே வசதி உண்டு.

4. திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது" என்று சிவப்பாக ஒன்று எட்டிப் பார்க்கிறதா? அது பெரும்பாலும் தனி புரோகிராமே இல்லை, பிரவுசர் வழியாக வரும் நோட்டிஃபிகேஷன். அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். பொடி எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரியும் இருக்கும். எப்போதோ சினிமா தேடிப் போன இடத்தில் 'அலவ்' என்று தட்டியதன் பலன். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்த முகவரியை நீக்கினால் போதும். இதற்காக ஆன்டிவைரஸ் வாங்கியவர்கள் உண்டு!

5. சில ஜன்னல்களுக்குத் தலைப்பே இருக்காது. மூடவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறிய கருவியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே குறிவட்டம் போல ஒரு ஐகான் இருக்கும். அதை மவுஸால் இழுத்துக்கொண்டு போய் அந்த அநாமதேய ஜன்னலின் மேல் விட்டால், அதற்குச் சொந்தக்காரன் யாரென்று பட்டியலில் பளிச்சென்று எடுத்துக் காட்டும். மார்க் ருஸினோவிச் என்பவர் எழுதியது. அவருடைய நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது.

6. ஆப்பிள் மேக்கில் இவ்வளவு பாடு இல்லை. மேலே ஆப்பிள் சின்னத்துக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் தெரிவதுதான் இப்போது முன்னால் நிற்கும் புரோகிராமின் பெயர். பின்னால் ஓடுகிறவற்றுக்கு 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து பாருங்கள்.

7. பெரியவர்களின் ஆண்ட்ராய்டு போனில் எதையும் தொடாமலே முழுத்திரை விளம்பரம் வருகிறதென்றால், விளம்பரத்தை மூட அவசரப்படாதீர்கள். அது திரையில் இருக்கும்போதே ரீசன்ட்ஸ் பட்டனைத் தட்டுங்கள். வரிசையாக வரும் அட்டைகளில் விளம்பரம் தெரியும் அட்டையின் தலையில் சின்ன ஐகான் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால், அல்லது அழுத்திப் பிடித்தால் 'ஆப் இன்ஃபோ' வரும். அதுதான் ஆள். அங்கேயே 'அன்இன்ஸ்டால்' இருக்கும். மூடிவிட்டுப் பிறகு தேடினால் தடயம் போய்விடும். "டார்ச் லைட்" என்றோ "ஃபோன் கிளீனர்" என்றோ பெயர் வைத்துக்கொண்டு இருப்பவைதான் அதிகம் மாட்டும்.

சில கில்லாடிகள் ஐகானை வெறும் வெள்ளையாக வைத்திருப்பார்கள், பெயரின் இடமும் காலியாக இருக்கும். அப்போது செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' என்று தேடுங்கள். மற்ற ஆப்களின் மேல் ஏறி நிற்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அது. வாட்ஸ்அப், ட்ரூகாலர் மாதிரி தெரிந்த பெயர்களைத் தவிர மற்றவற்றின் அனுமதியைப் பிடுங்கிவிடலாம். 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியிலும் இன்று எந்த ஆப் எத்தனை நிமிடம் திரையில் இருந்தது என்ற கணக்கு உண்டு. தாத்தா திறக்கவே திறக்காத ஒன்று அதில் அரைமணி நேரம் காட்டினால் பிடிபட்டது. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிப் போய்க் கிடந்தால், அது 'டிவைஸ் அட்மின்' உரிமை வாங்கிவைத்திருக்கிறது. முதலில் அந்த உரிமையை ரத்து செய்துவிட்டு வாருங்கள்.

8. போன் திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் கேமராவோ மைக்கோ வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி. நோட்டிஃபிகேஷன் திரையைக் கீழே இழுத்து அந்தப் புள்ளியைத் தட்டினால் ஆப்பின் பெயரைச் சொல்லிவிடும். ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு, கேமராவுக்குப் பச்சை. கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால் உச்சியில் பெயர் இருக்கும்.

9. "இன்றிரவு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று எஸ்எம்எஸ் அனுப்பி, போனில் பேசிக்கொண்டே ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். மின்வாரியம் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் இறக்கச் சொல்வது திரையைப் பகிரும் ஆப். அதைப் போலவே கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்று பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள். இவை தம் பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வங்கியின் பெயரும் சின்னமும் கூட. ஆனால் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்புக்கும் உள்ளே இன்னொரு பெயர் உண்டு, பேக்கேஜ் நேம் என்பார்கள். வாட்ஸ்அப்புக்கு அது 'காம் புள்ளி வாட்ஸ்அப்'. ஒரே போனில் இரண்டு ஆப்கள் ஒரே பேக்கேஜ் பெயரோடு இருக்க முடியாது. பல போன்களில் ஆப் இன்ஃபோ பக்கத்தின் அடியில், அல்லது 'ஆப் டீடெயில்ஸ்' என்ற வரியைத் தட்டினால், எந்த ஸ்டோரிலிருந்து வந்தது என்பது தெரியும். பிளே ஸ்டோரிலிருந்து வராத வங்கி ஆப் என்று ஒன்று வீட்டில் இருக்கவே கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

10. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை, கரன்ட்டும் உடனே வரவில்லை. அந்த மாதிரி நாட்களில் போனின் கடைசி இருபது சதவீதம்தான் உலகத்தோடு இருக்கும் தொடர்பு. ஐப்பசி பிறக்கும் முன்பே செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து யார் யார் பின்னால் ஓடுகிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் எடுத்துவிடுங்கள். 'பேக்கிரவுண்ட்' என்று போட்டு மணிக்கணக்கு காட்டுகிற கேம்களையும் ஷாப்பிங் ஆப்களையும் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கிவிடலாம். பிராட்பேண்ட் போய் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் ஓட்டும்போது டேட்டா எங்கே போகிறது என்று பார்க்க, விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து 'நெட்வொர்க்' பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டோ, போட்டோக்களை மேலே ஏற்றும் கிளவுட் சேவையோதான் இருக்கும்.

11. விண்டோஸில் கோப்புப் பெயரின் வாலை மறைக்காதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தட்டிவிடுங்கள். 'பில் புள்ளி பிடிஎஃப்' என்று தெரிந்தது, 'பில் புள்ளி பிடிஎஃப் புள்ளி எக்ஸி' என்று உண்மை முகத்தைக் காட்டும்.

12. இது ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. தமிழக அரசின் பாடநூலில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடத்தில் 'சிஸ்.ஆர்க்வி' வருகிறது. கமாண்ட் லைனில் நாம் தட்டிய சொற்களின் பட்டியல் அது. அதன் பூஜ்ஜியமாவது இடத்தில் புரோகிராமின் பெயர் உட்கார்ந்திருக்கும், நாம் கொடுத்த முதல் விவரம் ஒன்றாவது இடத்தில். மதிப்பெண்ணுக்கு இது போதும். வீட்டில் இன்னும் கொஞ்சம் விளையாடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

'பில்' என்று ஒரு சின்ன பைத்தான் கோப்பு. உள்ளே ஒரே வேலை, சிஸ்.ஆர்க்வியின் பூஜ்ஜியமாவது இடத்தை அச்சிடுவது. அதே ஃபோல்டரில் நின்று ஓட்டினால் வெறும் பெயர் வரும். வேறு ஃபோல்டரிலிருந்து முழுப் பாதையோடு ஓட்டினால் முழுப் பாதையும் வரும். ஐடிலில் எஃப்5 தட்டினாலும் முழுப் பாதை. கோப்பே இல்லாமல், 'மைனஸ் சி' போட்டு ஒரு வரியை நேரடியாக ஓட்டினால் 'மைனஸ் சி' என்றே காட்டும். அதாவது கூப்பிட்டவர் எப்படிக் கூப்பிட்டாரோ அதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. கோப்பின் இடம் வேண்டுமென்றால் இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட 'ஃபைல்' என்ற மாறி இருக்கிறது; பைத்தான் 3.9 முதல் பிரதான கோப்புக்கும் அது முழுப் பாதையைத் தருகிறது. அதே மாதிரி அடிக்கோடு போட்ட 'நேம்' என்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாறுவார்கள். நேரடியாக ஓட்டினால் அதில் கோப்பின் பெயர் இருக்காது, 'மெயின்' என்றுதான் இருக்கும். இன்னொரு கோப்பு இதை இம்போர்ட் செய்யும்போதுதான் சொந்தப் பெயர் வரும்.

காலேஜில் ஜாவாவுக்கு மாறும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. அங்கே பூஜ்ஜியமாவது இடத்தில் புரோகிராமின் பெயர் கிடையாது. நாம் கொடுத்த முதல் விவரம்தான் இருக்கும். சி படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஒன்றிலிருந்து எண்ணி முதல் விவரத்தைக் கோட்டை விடுவார்கள்.

13. பெயரை எதற்கு அச்சிட வேண்டும் என்று பிள்ளை கேட்டால், பிழைச் செய்தியைக் காட்டுங்கள். "கோப்பு திறக்கவில்லை" என்று மட்டும் வந்தால் யார் சொல்கிறார்கள் என்று தெரியாது. பத்து ஸ்கிரிப்ட் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரவில் "பில்: கோப்பு திறக்கவில்லை" என்று வந்தால்தான் உபயோகம். அந்தப் பெயரைக் கையால் எழுதி வைத்தால், கோப்புக்குப் பெயர் மாற்றிய அன்றே செய்தி பொய்யாகிவிடும். ஓடும்போது கேட்டு வாங்குவதே மேல். ஷெல் ஸ்கிரிப்டில் டாலர் பூஜ்ஜியம். பாதையை வெட்டி எறிந்துவிட்டுப் பெயரை மட்டும் எடுக்க 'பேஸ்நேம்'. ஸ்கிரிப்டை ஓட்டாமல் 'சோர்ஸ்' செய்தால் டாலர் பூஜ்ஜியம் ஸ்கிரிப்டின் பெயரைச் சொல்லாமல் ஷெல்லின் பெயரைச் சொல்லும், அங்கே 'பாஷ் சோர்ஸ்' என்ற மாறிதான் கைகொடுக்கும்.

14. அலமாரியில் பழைய அரசு லேப்டாப் தூங்குகிறதா? 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது. நம் பக்கத்துக் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சி-டாக்கும் சேர்ந்து 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் மையத்தின் முயற்சியில் வளர்ந்தது. பெயர் தேடிப் பழக லினக்ஸைவிட நல்ல இடம் கிடையாது, எதையும் ஒளிக்காது. டெர்மினலில் 'டாப்' என்று தட்டினால் ஓடுகிற எல்லாமே பட்டியலாக வரும். கவனிக்க வேண்டியது, அந்தச் சுருக்கப் பெயரில் 15 எழுத்துக்கு மேல் நிற்காது. நீளப் பெயரைக் கொடுத்து 'பிக்ரெப்' தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போவது இதனால்தான். 'மைனஸ் எஃப்' சேர்த்தால் முழு வரியிலும் தேடும்.

புரோகிராம் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளவும் லினக்ஸ் அனுமதிக்கிறது. நல்ல காரியத்துக்கும் பயன்படுத்துவார்கள். என்ஜின்எக்ஸ் தன் வேலையாட்களை 'வொர்க்கர் பிராசஸ்' என்று அடையாளம் காட்டுவது இப்படித்தான். திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் 'மைனர்' புரோகிராம்கள் கெர்னலின் உள்வேலை போல 'கேவொர்க்கர்' என்று பெயர் வைத்துக்கொள்வதும் இப்படித்தான். வேஷத்தைக் கலைக்க, 'ப்ராக்' ஃபோல்டருக்குள் அந்தப் பிராசஸின் எண்ணுள்ள ஃபோல்டரில் 'எக்ஸி' என்ற இணைப்பைப் பாருங்கள். நிஜமாக ஓடும் கோப்பு எது என்று கெர்னல் சொல்லும் பதில் அது. அசல் கெர்னல் வேலைக்கு அங்கே எந்தக் கோப்பும் இருக்காது. போலிக்கு இருக்கும்.

15. சி-யில் எழுதுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். மெயினுக்கு வரும் ஆர்க்வியின் பூஜ்ஜியமாவது இடத்தில் பெயர் இருந்தே தீரும் என்று நம்பக் கூடாது. கூப்பிடுகிறவர் அதில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ஒன்றும் வைக்காமலும் விடலாம். 2022 ஜனவரியில் வெளியான 'ப்வன்கிட்' ஓட்டை இந்த நம்பிக்கையால் வந்ததுதான். 'பிகேஎக்ஸெக்' என்ற கருவி, பட்டியலில் குறைந்தது தன் பெயராவது இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கியது. காலிப் பட்டியல் கொடுத்துக் கூப்பிட்டபோது, பக்கத்து நினைவகத்தில் கைவைத்து, சாதாரணப் பயனருக்கு முழு நிர்வாக உரிமையும் கொடுத்துவிட்டது. 2009-இல் எழுதிய வரிகள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் பல லினக்ஸ் கணினிகளில் உட்கார்ந்திருந்தன. பாஸ், உபுண்டு எதுவானாலும் அப்டேட் போடாமல் விட்ட பழைய லேப்டாப்பை இணையத்தில் இணைத்ததும் முதல் வேலையாக, இதற்காகவே ஒருமுறை அப்டேட் செய்துவிடுங்கள்.

16. பல வீட்டு ரவுட்டர்களுக்குள் 'பிஸிபாக்ஸ்' என்று ஒரு கோப்பு ஓடுகிறது. 1995-இல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியது. ஒரே கோப்புதான், ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கில் பெயர்கள். 'எல்எஸ்' என்று கூப்பிட்டால் கோப்புகளைப் பட்டியலிடும், 'பிங்' என்று கூப்பிட்டால் பிங் செய்யும். எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று ஆர்க்வியின் பூஜ்ஜியமாவது இடத்தைப் பார்த்துத்தான் தன் வேலையையே முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல் போன்களில் இதே முறையில் 'டாய்பாக்ஸ்' இருக்கிறது. ஆகவே ரவுட்டரையோ போனையோ நோண்டுகிற ஆர்வமுள்ள பிள்ளைகள், "ஒரே கோப்புக்கு எதுக்கு இத்தனை பேர்" என்று அந்த இணைப்புகளை அழிக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

17. சர்வீஸ் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோகும் முன், தொல்லை நடக்கும்போதே டாஸ்க் மேனேஜர் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் நின்றதும் லேப்டாப் நல்ல பிள்ளையாகிவிடும். படத்தில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: டீடெயில்ஸ் பக்கத்தில் உள்ள கோப்புப் பெயர், அது இருக்கும் ஃபோல்டர், எத்தனை சதவீதம் சிபியு. "ஸ்லோவா இருக்கு சார்" என்று சொன்னால் ஃபார்மேட் செய்துவிடலாம் என்பார்கள். பெயரோடு போனால் அந்த ஒன்றை மட்டும் நீக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம், ஃபோல்டரில் இருக்கும் குழந்தைகளின் போட்டோக்களும் தப்பிக்கும்.